ஸ்டேடியம் வடிவமைப்பு என்கிற தொழில்: உள்ளே என்ன நடக்கிறது, புதியவர் எங்கே தொடங்குவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடக்கலை படித்துவிட்டுச் சில வருடங்களாகக் குடியிருப்புக் கட்டடங்களில் வேலை பார்க்கும் ஒருவர், விளையாட்டு அரங்குகளை வடிவமைக்கும் துறைக்கு மாற நினைக்கிறார். உலகம் முழுக்கப் பெரிய ஸ்டேடியங்கள் எல்லாம் ஏன் ஒரு சில நிறுவனங்களிடமே போகின்றன, அந்த வேலையில் உண்மையில் என்ன செய்கிறார்கள், புதிதாக வருபவருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

இடம் இருக்கிறது. ஆனால் பத்திரிகைப் படங்களில் பார்க்கும் கூரையையும் வெளிச்சுவரையும் மனதில் வைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அரங்க வடிவமைப்பில் மிக முக்கியமான முடிவு, யாரும் ஒரு கோடு வரைவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. எத்தனை பேருக்கு, எந்த விளையாட்டுக்கு, வருடத்தில் எத்தனை நாளைக்கு என்பதுதான் அது. அந்த முடிவு தவறாகிவிட்டால் எவ்வளவு பெரிய கலைஞர் வந்தாலும் கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது. இந்தத் துறையில் நல்ல ஆலோசகர் யார் என்று கேட்டால், வாடிக்கையாளர் 60,000 இருக்கை வேண்டும் என்று சொல்லும்போது 35,000 போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டத் துணிகிறவர் என்பேன்.

முதலில் அந்த "ஒரு சில நிறுவனங்கள்" விஷயம். இதற்கு ஒரு வரலாறு உண்டு, அது ஒரே ஊரில் தொடங்குகிறது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்க நகரங்கள் பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் சேர்த்து ஒரே வட்ட வடிவ அரங்கைக் கட்டிக்கொண்டிருந்தன. செலவு மிச்சம் என்பது நோக்கம். இரண்டு விளையாட்டுக்கும் மைதானத்தின் வடிவமே வேறு என்பதால், இரண்டுக்குமே பொருந்தாத அரங்குகள்தான் கிடைத்தன. அந்த நேரத்தில் கான்சாஸ் சிட்டி மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தனி அரங்குகளைக் கட்டியது. கால்பந்துக்கான ஆரோஹெட் 1972இல் திறந்தது, பேஸ்பாலுக்கான ராயல்ஸ் ஸ்டேடியம் 1973இல். வடிவமைத்தது அதே ஊரைச் சேர்ந்த கிவெட் அண்ட் மையர்ஸ் நிறுவனம். இரண்டுமே இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்ஃபியா நகரங்களில் 1970, 71இல் திறந்த வட்ட அரங்குகள் 2001 முதல் 2004க்குள் இடிக்கப்பட்டுவிட்டன.

அந்தக் கான்சாஸ் சிட்டி வேலையில் பழகியவர்களிலிருந்துதான் விளையாட்டுக் கட்டடங்களை மட்டுமே செய்யும் ஆர்க்கிடெக்ட் என்ற இனமே உருவானது. அவர்களில் முக்கியமானவர் ரான் லாபின்ஸ்கி. 1983இல் அவரும் சில சகாக்களும் ஹெச்ஓகே என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் கீழ் விளையாட்டுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். அதுதான் 2009இல் தனியாகப் பிரிந்து பாப்புலஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அகமதாபாத்தின் பெரிய கிரிக்கெட் அரங்கு, லண்டனில் டாட்டன்ஹாம் கால்பந்து க்ளப்பின் அரங்கு எல்லாம் அவர்கள் கைவரிசை. இன்றும் கான்சாஸ் சிட்டியில் இந்தத் துறை நிறுவனங்கள் குவிந்து கிடப்பதற்குக் காரணம், ஒரு அலுவலகத்தில் கற்றவர்கள் பிரிந்து பிரிந்து அடுத்த அலுவலகங்களைத் தொடங்கியதுதான். இதற்கு வெளியே டாலஸைச் சேர்ந்த ஹெச்கேஎஸ், ஜெர்மனியின் ஜிஎம்பி போன்றவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

ஏன் அவர்களுக்கே வேலை போகிறது? ஸ்டேடியம் கட்டும் ஒரு நகராட்சியோ க்ளப்போ பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் அந்த வேலையைச் செய்கிறது. அவர்களுக்கு முன்னனுபவம் கிடையாது. ஆகவே டெண்டர் ஆவணத்தில் "கடந்த பத்து வருடத்தில் இந்த அளவுள்ள எத்தனை அரங்கு முடித்திருக்கிறீர்கள்" என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே வந்துவிடும். கடன் கொடுக்கும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் அதையேதான் கேட்கின்றன. அனுபவம் இருப்பவருக்கே அடுத்த வேலையும் போகிறது. பெயர் பெற்ற ஆர்க்கிடெக்டுகள்கூடத் தனியாக வருவதில்லை. 2007இல் திறந்த புதிய வெம்ப்ளிக்கு நார்மன் ஃபாஸ்டரின் அலுவலகம், அன்றைய ஹெச்ஓகே ஸ்போர்ட்டோடு கைகோத்தது. பெய்ஜிங்கின் "பறவைக் கூடு" அரங்கில் ஹெர்சோக் அண்ட் டி மூரோனோடு ஆரப் நிறுவனப் பொறியாளர்களும், சீனாவின் அரசு வடிவமைப்பு நிறுவனம் ஒன்றும் இருந்தார்கள். கூட்டணி என்பது இங்கே விதிவிலக்கு கிடையாது, வழக்கமே அதுதான்.

சரி, அந்த முதல் முடிவுக்கு வருவோம். ஒரு அரங்கின் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். 20 அணிகள் கொண்ட ஒரு கால்பந்து லீகில் ஒரு க்ளப்புக்குச் சொந்த மைதானத்தில் 19 ஆட்டங்கள். கோப்பைப் போட்டிகளைச் சேர்த்தாலும் முப்பதைத் தாண்டுவது கஷ்டம். அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வழக்கமான சீசனில் எட்டு அல்லது ஒன்பது. என்பிஏ கூடைப்பந்து அணிக்கு 41, பேஸ்பால் அணிக்கு 81. அதாவது உலகத்தின் மிக விலை உயர்ந்த கட்டடங்களில் சில வருடத்தில் முந்நூறு நாளுக்கு மேல் காலியாக இருக்கின்றன. உள்ளரங்குகள் மட்டும் ஓரளவு தப்பிப்பதற்குக் காரணம் கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, இசை நிகழ்ச்சி என்று மூன்றையும் மாற்றி மாற்றி நடத்த முடிவதுதான். டாட்டன்ஹாம் 2019இல் திறந்த அரங்கில் புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து ஒரு பக்க கேலரிக்கு அடியில் போய்விடும். கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை இருக்கிறது. அவ்வளவு இயந்திரம், அவ்வளவு செலவு, எல்லாமே நாட்காட்டியில் இன்னும் சில கட்டங்களை நிரப்புவதற்காக.

இந்தக் கணக்கைப் போடாமல் கட்டியவர்கள் கதை ஊரறிந்தது. 1976 ஒலிம்பிக்ஸுக்காக மாண்ட்ரியல் கட்டிய அரங்குக்கு ரோஜே தாய்பேர் வரைந்த சாய்ந்த கோபுரம் போட்டி நடந்தபோது முடிந்திருக்கவில்லை. கோபுரம் முடிய 1987 ஆனது. கடன் தீர்ந்தது 2006இல். 30 வருடம் வரி கட்டியிருக்கிறார்கள். டோக்கியோவில் ஸஹா ஹதீத் வடிவமைத்த தேசிய அரங்கின் மதிப்பீடு 25,200 கோடி யென்னைத் தொட்டதும் 2015இல் அரசு அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. பிறகு கெங்கோ குமாவின் வடிவமைப்பில் வேறொரு அரங்கு வந்தது. இரண்டு இடத்திலும் பழி வடிவமைப்பாளர் மேல் விழுந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. என்ன வேண்டும், எவ்வளவில் வேண்டும் என்று கேட்பதே வாடிக்கையாளர்தான். ஆனால் கேட்டதில் தவறு இருந்தால் அதை எழுத்தில் சொல்லவேண்டிய கடமை வடிவமைப்பாளருக்கு உண்டு. அரசியல் ஆசை கலந்த திட்டங்களில் அதைச் சொல்லும் தைரியம் குறைவாகவே இருக்கிறது. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் போன்ற பொருளியலாளர்கள் 1990களிலிருந்தே ஒரு விஷயத்தைச் சொல்லி வருகிறார்கள்: பொதுப்பணத்தில் கட்டும் அரங்குகள் ஊருக்குக் கொண்டுவரும் வருமானம், போட்ட பணத்தை ஈடுகட்டுவது அரிது.

இருக்கை எண்ணிக்கை முடிவானபின் முதலில் வரைவது இருக்கைக் கிண்ணம். வெளித்தோற்றம் இல்லை, கூரை இல்லை. மைதானத்தைச் சுற்றி எழும் கேலரிகளின் குறுக்குவெட்டு. இதில்தான் இந்தத் தொழிலின் இதயமான கணக்கு இருக்கிறது, பெயர் "சி வேல்யூ". நீங்கள் மைதானத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கிறீர்கள். உங்கள் கண்ணிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் கோடு, உங்களுக்கு முன்வரிசையில் இருப்பவரின் கண்ணுக்கு மேலே எவ்வளவு இடைவெளி விட்டுப் போகிறது என்பதுதான் அந்த மதிப்பு. 120 மில்லிமீட்டர் இருந்தால் நன்றாகத் தெரியும். 90 பரவாயில்லை. 60க்குக் கீழே போனால் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே ஆட்டம் பார்க்கவேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். முன்வரிசைக்காரர் கண்ணும் பந்தும் கிடைமட்டத்தில் 30 மீட்டர் தள்ளி, கண் 8 மீட்டர் உயரத்தில். ஒவ்வொரு வரிசையும் 80 செ.மீ. அகலம். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. உயர்த்தினால் சி வேல்யூ சுமார் 84 மில்லிமீட்டர். 35 செ.மீ. உயர்த்தினால் 133. ஐந்தே சென்டிமீட்டரில் சுமாரான இருக்கை அருமையான இருக்கையாகிவிடுகிறது. அப்படியானால் எல்லா வரிசையையும் 35ஆக்கிவிடலாமே என்று தோன்றும். 40 வரிசையில் அந்த ஐந்து சென்டிமீட்டர் இரண்டு மீட்டராகிறது. கூரை அந்த அளவு மேலே போகும், தூண் நீளும், படிக்கட்டு நீளும், செலவு ஏறும். அதோடு ஒரே சரிவில் கட்டினால் பின்னால் போகப் போக சி வேல்யூ குறைந்துகொண்டே வரும். அதனால் மேல் வரிசைகளை இன்னும் செங்குத்தாக்க வேண்டும். 34, 35 டிகிரியைத் தாண்டினால் ஏறுகிறவருக்குத் தலைசுற்றும், தடுக்கினால் ஆபத்து. கால்பந்தில் மைதானத்தின் தொலைதூர மூலையிலிருந்து 190 மீட்டருக்கு மேல் இருக்கை இருக்கக்கூடாது என்றும் ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் பந்து கண்ணில் நிற்காது. செங்குத்து, தூரம், செலவு மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். நல்ல கிண்ணம் என்பது இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்று தெரிந்தவர் வரைந்தது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்தக் கணக்கே வேறு. முன்னால் இருப்பவர்கள் கோல் விழும்போது எழுந்து நிற்பார்கள், இவரால் எழ முடியாது. ஆகவே நிற்பவரின் தலைக்கு மேல் பார்வை போகும்படி அந்த மேடையை உயர்த்தவேண்டும். பல பழைய அரங்குகளில் இந்த இடங்களை மைதான ஓரத்தில் மழையில் நனையும்படி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது தடகளமும் கால்பந்தும் ஒரே அரங்கில் என்ற பழைய ஆசையைப் பார்க்கலாம். புதிதாகத் திட்டமிடும் ஊர்கள் அடிக்கடி விழும் குழி இது. 400 மீட்டர் ஓடுதளத்தின் வடிவம் நிர்ணயிக்கப்பட்டது: நேர்ப்பகுதி 84.39 மீட்டர், உள் வளைவின் ஆரம் 36.5 மீட்டர், ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். உள்ளே 105க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானம் அழகாக உட்காரும். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று செய்ததுபோல இருக்கும். பக்கவாட்டில் எட்டுத் தடத்துக்கு அப்பால் முதல் இருக்கை குறைந்தது 12 மீட்டர் தள்ளிப்போகும், அதைச் சகித்துக்கொள்ளலாம். கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் அளந்து பாருங்கள். கோல் கோட்டிலிருந்து ஓடுதளத்தின் வெளி விளிம்புக்கு 36 மீட்டர் வரும். கால்பந்துக்கென்றே கட்டிய அரங்கில் அது எட்டு மீட்டர்தான். கோலுக்குப் பின்னால் நின்று கத்தும் ரசிகர் கூட்டம்தான் அந்த ஆட்டத்தின் உயிர், அவர்களைத் தெரு அகலத்துக்குத் தள்ளி உட்காரவைத்தால் என்ன மிஞ்சும்?

இதற்கு மான்செஸ்டர் ஒரு வழி காட்டியது. 2002 காமன்வெல்த் போட்டிக்குத் தடகள அரங்காகக் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் ஓடுதளத்தைப் பெயர்த்து, தரையைத் தோண்டி இறக்கி, கீழே ஒரு அடுக்கு இருக்கையைச் சேர்த்து, 2003இல் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து க்ளப்பிடம் கொடுத்தார்கள். இது முதல் நாளே திட்டமிடப்பட்டது. லண்டன் வேறு பாதையில் போனது. 2012 ஒலிம்பிக்ஸுக்கு 80,000 பேர் அரங்கு, அதில் 55,000 இருக்கைகளைப் பிறகு கழற்றிவிட்டு 25,000 பேருக்கான தடகள அரங்காக வைத்துக்கொள்வது என்பது திட்டம். வடிவமைப்பு முழுக்க அந்தக் கழற்றலை நம்பியே செய்யப்பட்டது. பிறகு அரசியல் மாறி, கால்பந்து க்ளப் வரட்டும், ஓடுதளமும் இருக்கட்டும் என்றார்கள். 2016இல் வெஸ்ட் ஹாம் வருவதற்குள் மாற்றத்துக்கு மட்டும் சுமார் 32 கோடி பவுண்டு செலவானது. லேசான கூரையை மாற்றி, கோடையில் தடகளத்துக்காக இருக்கைகளை நகர்த்தும் ஏற்பாடும் செய்யவேண்டியிருந்தது. வடிவமைப்பாளர்கள் கொடுத்த கட்டடம், கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். கேள்வியைத்தான் மாற்றிவிட்டார்கள்.

அடுத்தது பாதுகாப்பு. இதைப் பற்றிப் பேசும்போது இந்தத் துறையில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. இன்றைய விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் 1902இல் மரத்தாலான நிற்கும் கேலரி உடைந்து 25 பேர் இறந்தார்கள். அதை வடிவமைத்தவர் ஆர்ச்சிபால்ட் லீட்ச். அதன்பின் அவர் மண்மேட்டின் மேல் கேலரி அமைப்பதையும் இரும்புத் தடுப்புகளையும் மேம்படுத்தி, பிரிட்டனின் ஏராளமான கால்பந்து மைதானங்களை வடிவமைத்தார். அதே ஐப்ராக்ஸில் 1971இல் வெளியேறும் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் போனார்கள். அதைத் தொடர்ந்து 1973இல் பிரிட்டன் வெளியிட்ட வழிகாட்டிதான் "கிரீன் கைடு" என்று இந்தத் துறையில் எல்லோர் மேஜையிலும் கிடக்கிறது. 1985இல் பிராட்ஃபோர்டில் பழைய மர கேலரி சில நிமிடங்களில் எரிந்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்க வாசல்கள் பூட்டிக்கிடந்தன. மைதானத்தை நோக்கி ஓடியவர்கள் பிழைத்தார்கள், ஏனென்றால் அங்கே முன்பக்கம் கம்பிவேலி இல்லை. நான்கு வருடம் கழித்து ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் கம்பிவேலி இருந்தது. அங்கே நசுங்கி 97 பேர் இறந்தார்கள். அதை விசாரித்து 1990இல் வந்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தின் மேல்நிலைப் பிரிவுகளில் எல்லோருக்கும் இருக்கை என்றானது.

இதன் கணக்கு வடிவம் எப்படி இருக்கும் தெரியுமா? கிரீன் கைடின்படி படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 66 பேர் போகமுடியும், சமதரையில் 82 பேர். வழக்கமான வெளியேற்றம் எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. 1.2 மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்று எட்டு நிமிடத்தில் சுமார் 630 பேரை இறக்கும். எல்லோரும் படிக்கட்டில்தான் இறங்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால் 40,000 பேருக்கு மொத்தம் 76 மீட்டர் அகலம், அதாவது அப்படிப்பட்ட 64 படிக்கட்டுகள். இவை எல்லாம் கேலரிக்கு அடியில்தான் இடம்பிடிக்க வேண்டும். கழிப்பறை, உணவுக் கடை, சமையலறை, மருத்துவ அறை, தொலைக்காட்சிக் கேபிள் எல்லாம் அதே இடத்துக்குப் போட்டிபோடும். ரோமின் கொலோசியத்தில் 80 வளைவு வாசல்கள், அவற்றில் 76க்கு எண் பொறித்திருந்தார்கள். டிக்கெட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து நேராக உங்கள் வாசலுக்குப் போகும் முறை அவ்வளவு பழையது. அடிப்படைக் கணக்கு அப்போதிலிருந்து பெரிதாக மாறவில்லை.

புல் பற்றி ஒரு பத்தி கட்டாயம். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் 1965இல் உலகின் முதல் பெரிய மூடிய அரங்காகத் திறந்தது. புல் வளர்வதற்காகக் கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள். ஆனால் அந்த வெளிச்சத்தில் உயரே வரும் பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள், புல் செத்தது. 1966இல் செயற்கைப் புல் விரித்தார்கள், ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் வந்தது அப்படித்தான். கூரை பார்வையாளருக்கு, வெயில் புல்லுக்கு என்ற சண்டை இன்றும் தீரவில்லை. ஒளி ஊடுருவும் தகடு, மைதானத்தின் மேல் இரவெல்லாம் எரியும் வளர்ப்பு விளக்கு, வெளியே உருண்டு போகும் புல்தரை என்று விதவிதமாகச் சமாளிக்கிறார்கள். கூரை வடிவத்தை முடிவு செய்யும் முன் மைதானப் பராமரிப்பாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். பெரும்பாலான திட்டங்களில் அவரை அழைப்பதே கட்டடம் பாதி எழுந்த பிறகுதான்.

பணத்துக்கு வருகிறேன். கட்டணம் பெரும்பாலும் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதமாகவோ, மொத்தத் தொகையாகவோ பேசப்படும். எனக்கு மொத்தத் தொகைதான் பிடிக்கும். சதவீதத்தில் பேசினால், கட்டடம் பெரிதாகப் பெரிதாக நம் கட்டணமும் ஏறும். அந்த நிலையில் "சிறிதாகக் கட்டுங்கள்" என்று நாம் சொல்வதை வாடிக்கையாளர் எப்படி நம்புவார்? கட்டணம் ஒரே தடவையில் வராது. சாத்தியக்கூறு ஆய்வு, கருத்து வடிவம், விரிவான வரைபடங்கள், டெண்டர், கட்டுமான மேற்பார்வை என்று கட்டம் கட்டமாக வரும். வந்ததில் பெரும்பங்கு ஸ்ட்ரக்சர், மின்சாரம், குளிரூட்டல், ஒலி, ஒளி, புல், கூட்ட ஓட்டம், சமையலறை என்று துணை ஆலோசகர்களுக்குப் போகும். வடிவமைப்புப் போட்டியில் கலந்துகொள்ளும் செலவு தனி. பத்துக்கு எட்டு திரும்பி வராது என்று வைத்துக்கொண்டுதான் கலந்துகொள்ள வேண்டும்.

வாடிக்கையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் வரைபடத்தை மாற்றும். 1987இல் மயாமியில் ஜோ ராபி என்ற அணி உரிமையாளர் அரசுப் பணம் இல்லாமல் தன் அரங்கைக் கட்டினார். தனி அறைகளையும், நடு அடுக்கில் சௌகரியமான க்ளப் இருக்கைகளையும் பல வருடங்களுக்கு முன்கூட்டியே விற்று அந்தப் பணத்தைத் திரட்டினார். அதன்பின் உலகம் முழுக்க அந்த நடு அடுக்கு விலை உயர்ந்த அடுக்காகிவிட்டது. விளைவு, அதற்கு மேலே இருக்கும் சாதாரண ரசிகர் இன்னும் உயரத்துக்கு, இன்னும் தூரத்துக்குப் போனார். தனி அறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்தால் மேல் கேலரி ஏழெட்டு மீட்டர் தூக்கப்படும். வருமானக் கணக்கில் அது லாபமாகத் தெரியும், மேல் வரிசையில் உட்காருகிறவர் குரல் அந்தக் கணக்கில் வராது. அவருக்காகப் பேசுவதற்கு அந்த மேஜையில் வடிவமைப்பாளரைத் தவிர வேறு யாரும் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் பெரிய அரங்குகள். ஆனால் இந்தத் தொழிலில் எண்ணிக்கையில் மிகப் பெரிய பங்கு பள்ளி ஓடுதளங்கள், பல்கலைக்கழக உள்ளரங்குகள், நீச்சல் குளங்கள், பயிற்சி மையங்கள். புதிதாக வருபவர் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான், இங்கே கற்கும் பாடமும் குறைந்தது இல்லை. 50 மீட்டர் குளத்தின் இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள தொடு பலகை வரும். அதைச் சேர்க்காமல் கட்டினால் நீளம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்து, அங்கே நீந்தும் எந்தச் சாதனையும் செல்லாது. கான்கிரீட்டையும் டைல்ஸையும் உடைக்காமல் அதைச் சரிசெய்ய வழி கிடையாது. வாலிபால் மைதானத்துக்கு மேலே குறைந்தது ஏழு மீட்டர் காலியாக இருக்கவேண்டும், உலகப் போட்டி என்றால் 12.5. பேட்மின்டன் அரங்கில் குளிர்க்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது இறகுப்பந்தின் போக்கையே மாற்றிவிடும்.

மூடிய நீச்சல் குளம்தான் இவற்றில் மிகக் கடினமானது என்பது என் எண்ணம். ஈரமும் குளோரின் கலந்த காற்றும் கட்டடத்தை உள்ளிருந்து தின்னும். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985இல் நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் அந்தக் காற்றில் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தன. வெளியே பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. குளத்துக் காற்றின் வெப்பத்தைத் தண்ணீரைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக வைப்பது, சுவருக்குள் ஈரம் புகாமல் தடுப்பது, மேலே எந்த உலோகம் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது, இவற்றை ஒரு குளத்தில் முழுதாகச் செய்து முடித்தவரை நான் எந்தப் பெரிய அரங்குக் குழுவிலும் தயங்காமல் சேர்ப்பேன்.

ஆக, கேட்டவருக்கு என் யோசனை. பெரிய நிறுவனத்தின் பெயரைத் துரத்தி, அங்கே மூன்று வருடம் வெளிச்சுவர்ப் படம் மட்டும் போடுவதைவிட, பள்ளி, பல்கலைக்கழக விளையாட்டுக் கட்டடங்கள் செய்யும் ஒரு நடுத்தர அலுவலகத்தில் சேருங்கள். அங்கே ஒரு வேலையை முதல் கூட்டத்திலிருந்து சாவி ஒப்படைப்பு வரை பார்க்க முடியும். ரைனோ, கிராஸ்ஹாப்பர் போன்ற மென்பொருளில் கிண்ணம் வரையப் பழகுங்கள். ஆனால் சி வேல்யூவை ஒருமுறையாவது காகிதத்தில் வரிசை வரிசையாகக் கையால் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் மென்பொருள் என்ன செய்கிறது என்று புரியும். ஆட்டநாளில் டிக்கெட் வாங்கி உள்ளே போகும்போது, ஆட்டத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு இடைவேளையின் 15 நிமிடத்தில் பெண்கள் கழிப்பறை வரிசை எவ்வளவு நீள்கிறது, எந்தப் படிக்கட்டில் கூட்டம் தேங்குகிறது, சக்கர நாற்காலியில் வந்தவருக்கு என்ன தெரிகிறது என்று கவனியுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கற்பனை ஸ்டேடியத்தின் பளபளப்பான படங்களைக் கொண்டுபோகாதீர்கள். அவை எல்லோரிடமும் இருக்கும். மூன்று தாள் போதும்: ஒவ்வொரு வரிசைக்கும் சி வேல்யூ குறித்த ஒரு குறுக்குவெட்டு, அந்த அரங்கின் வெளியேற்றக் கணக்கு, 365 நாளில் எந்தெந்த நாள் கதவு திறக்கும் என்ற ஒரு நாட்காட்டி. நேர்காணலில் எதிரே இருப்பவர் இந்தத் தொழிலைத் தெரிந்தவராக இருந்தால் மூன்றாவது தாளைத்தான் முதலில் எடுப்பார்.